துறை வாரியா, பாட வாரியா?

பல்கலைக்கழக நூலகங்களின் இணையதளத்தில் ஆய்வு வழிகாட்டிப் பக்கங்கள் இருக்கும். எந்தத் துறைக்கு எந்தத் தரவுத்தளம், எந்த ஆய்விதழ், எந்தக் கலைக்களஞ்சியம் என்று நூலகர்கள் தொகுத்து வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நூலகம் 1970-களின் தொடக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்த ‘பாத்ஃபைண்டர்’ என்ற சிறு கையேடுதான் இவற்றின் முன்னோடி. 2007-இல் ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்தின் ‘லிப்கைட்ஸ்’ வந்தபின், நிரல் எழுதத் தெரியாத நூலகரும் எளிதாகப் பக்கம் அமைக்க முடிந்தது. தாளில் இடம் குறைவு. எதை விடுவது என்று யோசித்தே ஆகவேண்டும். திரையில் அந்தக் கட்டாயம் இல்லை. சேர்த்துக்கொண்டே போனார்கள்.

துறைவாரியான வழிகாட்டிகள் மாணவர்களுக்கு ஏன் எட்டவில்லை என்பதை, லிப்கைட்ஸ் வருமுன்பே, ரோசெஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்த பிரெண்டா ரீப், சூசன் கிப்பன்ஸ் இருவரும் 2004-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். நூலகர் அறிவைத் துறை துறையாகப் பிரித்துப் பார்க்கிறார். இளநிலை மாணவருக்கோ தான் படிக்கும் பாடமும், அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய கட்டுரையும்தான் கண்ணில் நிற்கின்றன. ‘சமூகவியல்’ என்ற தலைப்பின்கீழ் தன் வேலைக்கானது இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஆகவே பாடத்துக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்றார்கள். எனக்கு இதைவிடச் சரியான யோசனை தெரியவில்லை.

பக்கத்தின் குறையைக் கண்டுபிடிக்கும் முறையும் எளியது. ஒரு மாணவரை உட்காரவைத்து, “இந்தத் தலைப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரை தேடுங்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுங்கள்” என்று கேட்பது. நூலகர் குறுக்கிடாமல் கவனிக்கவேண்டும், அதுதான் கடினம். அப்படிக் கவனித்தால், பக்கத்தின் மேலே வரிசையாக இருக்கும் தாவல்கள் பல மாணவர்களின் கண்ணில் படுவதே இல்லை என்று தெரியும். ‘தரவுத்தளம்’, ‘நூலகங்களுக்கிடையேயான இரவல்’ போன்ற சொற்களில் தடுமாறுகிறார்கள். வழிகாட்டிகளை மட்டுமே தேடித்தரும் பெட்டியில் கட்டுரைத் தலைப்பைத் தட்டச்சு செய்து, ஒன்றும் கிடைக்காமல் கூகுளுக்குப் போய்விடுகிறார்கள். நூலகம் பெரும் சந்தா கட்டி வாங்கிய ஆய்விதழ்கள் யாரும் தொடாமல் கிடக்கின்றன. தேடத் தெரியாதது தன் குறை என்றே முதலாண்டு மாணவர் நினைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய இழப்பு.

பெரிய ஆய்வுக்குழு எதுவும் தேவையில்லை. ஐந்து பேரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார். வழிகாட்டி அமைக்கும் நூலகர்களே, புதிய இணைப்பு ஒன்றைச் சேர்க்குமுன் ஐந்து மாணவர்களை அழைத்து உட்காரவையுங்கள். அவர்கள் தொடாத பெட்டிகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.