கடல் கடந்த உரிமம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் வீட்டுப் பெட்டியில் இரண்டு ஓட்டுநர் உரிமங்கள் இருக்கின்றன. இரண்டும் என் தந்தையாருடையவை. ஒன்று நம் ஊரில் பெற்றது. மற்றொன்று வளைகுடா நாடு ஒன்றில் பெற்றது. பதினைந்து ஆண்டுகள் இங்கே லாரி ஓட்டியவரை, "இது இங்கே செல்லாது" என்று சொல்லி, அங்கே பயிற்சிப் பள்ளியில் புது மாணவராக உட்கார வைத்தார்கள். அந்தக் கட்டணத்திற்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

இப்போது அவர் தாம்பரத்திலிருந்து சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒரு நாள் காரில் வந்த பொறியாளர் ஒருவர், வானில் சென்ற பயிற்சி விமானத்தைப் பார்த்துவிட்டு, "நானும் அமெரிக்காவில் விமானம் ஓட்டியவன்தான். அந்த உரிமம் இங்கே செல்லாதாம்" என்றாராம். அன்றிரவு தந்தையார், "எனக்கு அங்க நடந்தது அவருக்கு இங்க நடக்குது. நீ காலேஜ் படிக்கிற புள்ள, என்னன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பொறியாளர் பெற்றிருப்பது தனியார் விமானி உரிமம். வாடகை வாங்காமல், சொந்த விருப்பத்திற்குப் பறக்கலாம். பொதுவாக 17 வயதும், 40 மணி நேரப் பறப்பும், தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும். இந்தியாவில் இத்தகைய உரிமத்தை முதன்முதலில் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா, நாள் 1929 பிப்ரவரி 10.

நாடுகளுக்கிடையே விமானப் போக்குவரத்து பெருகவே, பொது விதிகள் தேவைப்பட்டன. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோ நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. அதன் 32-ஆவது பிரிவின்படி, நாடு விட்டு நாடு செல்லும் விமானத்தின் விமானிக்கு, அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் உரிமமோ ஏற்போ இருக்க வேண்டும். அமெரிக்க விமானத்தின் பதிவு 'என்' என்ற எழுத்தில் தொடங்கும். இந்திய விமானத்தின் பதிவு 'வி.டி.' என்று தொடங்கும். ஆகவே அமெரிக்க உரிமத்தை மட்டும் காட்டி 'வி.டி.' விமானத்தில் ஏற முடியாது. மேலும், தன் குடிமக்களுக்குப் பிற நாடு தந்த உரிமத்தை, தன் வான்வெளியில் பறப்பதற்கு ஏற்க மறுக்கும் உரிமையையும் அதே பிரிவு ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது!

அப்படியானால் வழியே இல்லையா? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அயல்நாட்டு உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்திற்குச் செல்லுபடியாக்குவது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 45-ஆவது விதி இதற்கு இடம் தந்தது. மற்றொன்று, இந்திய உரிமமாகவே மாற்றிப் பெறுவது. குடியேறி வாழ வந்தவருக்கு இதுவே ஏற்றது. உரிமம் உண்மையானதுதானா என்று கொடுத்த நாட்டிடம் கேட்பார்கள். மருத்துவச் சோதனை, இந்திய விமான விதிகளில் தேர்வு, வானொலியில் பேசுவதற்கான உரிமம் ஆகியவையும் உண்டு. ஆனால் அங்கே பறந்த மணிகள் வீணாவதில்லை. அவை கணக்கில் சேரும்.

பறக்கத் தெரிந்தவருக்கு மறுபடியும் தேர்வு எதற்கு? இயற்பியல் மாணவனாகிய எனக்கு இது எளிதில் விளங்கியது. விமானத்தின் உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. கடல் மட்டத்திற்குக் கணக்கிட்ட அழுத்தத்தை வானொலியில் கேட்டு அதில் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் அதைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். இங்கே ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள். 29.92 அங்குலமும் 1013 ஹெக்டோபாஸ்கலும் ஒன்றே. கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 27 அடி உயரத்திற்குச் சமம். பழக்கமில்லாதவர் பத்து எண் தவறாக வைத்தால் 270 அடி பிழை. மீனம்பாக்கத்தை அடுத்துள்ள பரங்கிமலையின் உயரமே சுமார் 300 அடிதான்! போதாக்குறைக்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. உள்ளூர் விதி தெரியாதவர் இந்த வானில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நண்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவையும் தந்தையாரிடம் சொன்னேன். "தேர்வு வைக்கிறது நியாயந்தான். ரோட்டுல பக்கம் மாறினா எனக்கே கை தடுமாறிச்சு. ஆனா அவரு ஓட்டின மணியைச் சேர்த்துக்கிறாங்க இல்ல? என் பதினஞ்சு வருஷத்தை யாரும் கேக்கலையே" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. சாலை ஓட்டுநர்களுக்கும் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இருக்கிறது. ஆனால் அது வெளிநாட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவருக்குப் பயன்படுமே தவிர, பிழைக்கப் போகிறவருக்குப் பயன்படுவதில்லை. விமானிகளுக்காக ஒரு மேசையில் கூடி உட்கார்ந்த நாடுகள், லாரி ஓட்டுநர்களுக்காகவும் ஒரு நாள் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

பொறியாளர் மறுபடியும் காரில் வந்தபோது தந்தையார் செய்தியைச் சொல்லிவிட்டார். "உங்க மணியெல்லாம் பத்திரமா இருக்கு சார், பரீட்சைக்குப் படிங்க" என்றாராம்.