எழுத்துக்கும் ஒரே பாதை வேண்டும்



இரயில்வேயில் பணியாற்றியவன் நான். எதையும் தண்டவாளத்தை வைத்தே எண்ணிப் பார்ப்பேன். மீட்டர் கேஜ் 1,000 மி.மீ.; பிராட் கேஜ் 1,676 மி.மீ. இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்றியாக வேண்டும்.

1990களில் கணினித் தமிழும் அப்படித்தான் இருந்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை; ஒன்றில் அடித்தது இன்னொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம், தாம் உருவாக்கிய ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகவே வழங்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் அவரே முன்னின்றார். பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்து தந்தனர். அந்நூல்கள் பின்னர் திஸ்கிக்கும், அதன்பின் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. அதனால்தான் இன்றும் அவற்றைப் படிக்க முடிகிறது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலும் பழைய எழுத்துருவில் அடித்த மலர்கள், தந்தையார் எழுதிய குறிப்புகள் கணினியில் முடங்கிக் கிடக்கலாம். மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு மாற்றிவிடுங்கள். மாற்றத் தெரிந்தவர்கள் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள்.