சைக்கிளுக்கு கரண்ட்! மோட்டார் மாட்டுவது சுலபம். பேட்டரிப் பெட்டி ஜாக்கிரதை!

குன்றக்குடி:

பழைய சைக்கிள்தான். அதே சீட்டு, அதே கேரியர், அதே மணி. ஆனால் மிதிக்காமலே ஓடுகிறது!

புகை இல்லை. சத்தம் இல்லை. பெட்ரோல் பங்க் பக்கம் போக வேண்டியதே இல்லை.

சக்கரத்தின் நடுவில் ஒரு மோட்டார். பாரில் ஒரு பேட்டரிப் பெட்டி. ஹாண்டில்பாரில் முறுக்குவதற்கு ஒரு பிடி. இதுதான் "கரண்ட் சைக்கிள்".

புதிதாக வாங்காமல், வீட்டில் இருக்கிற சைக்கிளிலேயே மோட்டாரை மாட்டிக்கொள்ளும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. வேண்டிய சாமான்கள் எல்லாம் "கிட்" என்ற பெயரில் ஒரே பெட்டியாக விற்பனைக்கு வருகின்றன. சைக்கிள் கடைக்காரரும் ஒரு எலக்ட்ரீஷியனும் சேர்ந்து உட்கார்ந்தால் முடித்துவிடக் கூடிய வேலைதான்.

ஆனால், பேட்டரிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாட்டினால், நடு வீட்டில் நெருப்பைக் கொண்டுவந்து வைத்த கதைதான்!

10 கிலோமீட்டர்

குன்றக்குடியிலிருந்து காரைக்குடி சுமார் 10 கிலோமீட்டர். தினமும் அங்கே வேலைக்குப் போய்வரும் ஒரு குமாஸ்தா, சைக்கிள் கடைக்கு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, இதுல மோட்டார் மாட்டினா காரைக்குடி போய்ட்டு வந்துரலாமா?"

"தாராளமா போகலாம் தம்பி. பேட்டரியில எவ்வளவு கரண்ட் நிக்குதுங்கறதுதான் கணக்கு."

அந்தக் கணக்கு என்ன?

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால், இரண்டையும் பெருக்க வேண்டும். 360 வாட்-மணி வருகிறது. இடையிடையே பெடலையும் மிதித்து, நிதானமாகப் போனால், ஒரு கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். 360-ஐ 12-ஆல் வகுத்தால் 30 கிலோமீட்டர்!

போக 10, வர 10. இன்னும் 10 கையிருப்பு. எதிர்காற்று அடித்தாலும், கேரியரில் மூட்டை ஏறினாலும் அந்தக் கையிருப்பு கைகொடுக்கும்.

செலவு? பேட்டரியை முழுக்க ஏற்ற அரை யூனிட் கரண்ட் கூட ஆகாது. பெட்ரோலோ 2021-ல் லிட்டர் 100 ரூபாயைத் தொட்டுவிட்டது. ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை!

125 வருடத்துக்கு முன்பே!

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர், சைக்கிளின் பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைக்கும் முறைக்கு 1895 டிசம்பர் 31-ந்தேதி காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய பேட்டரி வெறும் 10 வோல்ட். மோட்டாரோ 100 ஆம்பியர் வரை இழுக்கும்!

மோட்டார் அன்றே தயார். பேட்டரிதான் தயாராக இல்லை.

அன்று இருந்த ஈய பேட்டரி கனம். இன்றைக்கும் அப்படித்தான். 36 வோல்ட்டுக்கு மூன்று ஈய பேட்டரி கட்டினால் ஏறக்குறைய 12 கிலோ கனக்கும். அதே வேலையைச் செய்யும் லித்தியம் செல்கள் 40 சேர்ந்தாலும் 2 கிலோவைத் தாண்டாது.

லித்தியம் அயனி பேட்டரி 1991-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழி வகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. கரண்ட் சைக்கிளுக்கு உயிர் கொடுத்தது இந்த பேட்டரிதான்.

மோட்டார் எப்படி?

சக்கரத்தின் நடுக் குடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மோட்டாரை வைத்துக் கம்பி கட்டுகிறார்கள். மோட்டார் குடம் பெரிதாக இருப்பதால் பழைய கம்பிகள் நீளம் அதிகம், உதவாது. அளவான குட்டைக் கம்பி போட்டு, கோட்டம் எடுக்க வேண்டும். இது சைக்கிள் கடைக்காரரின் கைவேலை.

மோட்டாரின் அச்சு சுற்றாது, வெளிக்கூடுதான் சுற்றும். அதனால் அச்சு எதிர்ப்பக்கம் திருக முயலும். நட்டு இளகினால் அச்சு பிடியிலிருந்து நழுவி, சக்கரமே கழன்றுவிடும்! அதற்காகவே அச்சை ஃப்ரேமோடு சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை உண்டு. கிட்டில் அது இல்லையென்றால் தனியாகச் செய்து மாட்ட வேண்டும். முன் சக்கரத்தில் மோட்டார் வைப்பதென்றால் ஃபோர்க் இரும்பாக இருப்பது அவசியம்.

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் "கன்ட்ரோலர்" என்ற சிறிய பெட்டி. பிடியை முறுக்கும் அளவுக்குத் தக்கபடி மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுப்பது இதுதான்.

பிரேக்கிலும் ஒரு சுவிட்ச் உண்டு. பிரேக்கைப் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும். "அது எதுக்கு, ஒயர்தானே மிச்சம்" என்று விட்டுவிடக் கூடாது. பிரேக் ஒரு பக்கமும் மோட்டார் ஒரு பக்கமும் இழுத்தால் விழுவது ஓட்டுகிறவர்தான்!

தேய்ந்த பிரேக் கட்டையையும் முதலில் மாற்றிவிட வேண்டும். மிதித்துப் போன வேகத்துக்குப் போதுமாக இருந்த பிரேக், மோட்டார் வேகத்துக்குப் போதாது.

பெட்டிக்குள் 40 பேர்

இனிதான் முக்கியமான விஷயம்.

பேட்டரிப் பெட்டி என்பது ஒரே பேட்டரி அல்ல. டார்ச் லைட் செல் மாதிரி சின்னச் சின்ன செல்கள். அதிகம் பழக்கத்தில் உள்ளது "18650". அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம்.

ஒரு செல் 3.6 வோல்ட். பத்தை வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட். அப்படி நான்கு வரிசை, ஆக 40 செல்கள்.

இந்த 40-ம் ஒரே வயதாக, ஒரே பலமாக இருக்க வேண்டும். ஒரு செல் நோஞ்சானாக இருந்தால், மற்றவை நிறைவதற்கு முன்பே அது நிறைந்துவிடும். அதற்கு மேலும் கரண்டைத் திணித்தால் செல் சூடாகும். உள்ளே இரண்டு துருவங்களையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு சவ்வு. அது உருகினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட்! அந்த செல் பக்கத்து செல்லைக் கொளுத்தும். அது அடுத்ததை. நிமிடக் கணக்கில் பெட்டி முழுவதும் தீ!

இதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் ஒரு காவல்கார சர்க்யூட் வைக்கிறார்கள். "பி.எம்.எஸ்." என்று பெயர். எந்த செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்ப்பது, ரொம்பக் காலியாக விடாமல் தடுப்பது, ஷார்ட் ஆனால் துண்டிப்பது எல்லாம் இதன் வேலை. இது இல்லாத பெட்டி, ஃபியூஸ் இல்லாத வீடு!

செல்களைச் சாதாரண பற்றவைப்புக் கோல் வைத்து ஒட்டுவதும் தப்பு. அந்தச் சூடே செல்லைக் கெடுத்துவிடும். நிக்கல் பட்டையை வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் முடியும் "ஸ்பாட் வெல்டிங்" செய்வதுதான் முறை.

வேலூரில் நடந்தது

"அதெல்லாம் எங்கேயோ நடக்கும்" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும், பள்ளிக்கூடம் போகும் அவருடைய மகளும் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

அந்த வருடம் இன்னும் சில இடங்களிலும் மின்சார வண்டிகள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. வண்டி பேட்டரிகளுக்கான சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2022 டிசம்பர் முதல் அவை படிப்படியாக அமலுக்கு வந்தன.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் 2023-ம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் பலியானார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் மின்சார சைக்கிளை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. பழைய பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கோத்து விற்பதை அந்த நகரம் அதே ஆண்டில் தடை செய்தது.

பொய் செல்!

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் செல்லை எடுத்து, மேலே புது கலர் உறை மாட்டினால் பார்ப்பதற்குப் புது செல் போலவே இருக்கும். விலை பாதி. ஆசைப்பட்டு வாங்கினால் மோசம்!

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 18650 செல்லில் நிஜமாக அடைக்கக் கூடிய அளவு சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி வரைதான். உறையில் "9,900" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது பச்சைப் பொய். அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

சார்ஜரிலும் இதே கவனம் தேவை. 36 வோல்ட் பெட்டிக்கு 42 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர்தான் சரி. 48 வோல்ட் பெட்டியின் சார்ஜர் 54 வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் சொருகினால் ஆபத்து.

லித்தியத்திலேயே "இரும்பு பாஸ்பேட்" என்று இன்னொரு ஜாதி உண்டு. கனம் கொஞ்சம் கூடுதல். ஆனால் அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது. பங்குனி, சித்திரை வெயிலில் காயும் செட்டிநாட்டு ரோடுகளுக்கு யோசித்துப் பார்க்கத் தக்கது.

சட்டம் என்ன சொல்கிறது?

"லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்" என்று சொல்லித்தான் கிட் விற்கிறார்கள். அது பாதி உண்மை.

மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனம் அல்ல என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆனால் அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் பார்த்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. வீட்டில் மாட்டிய வண்டிக்கு அந்தச் சான்று எங்கே?

"1,000 வாட் கிட் போட்டா பறக்கும்ணே" என்று யாராவது ஆசை காட்டலாம். பறக்கலாம். ஆனால் அது சைக்கிள் கணக்கில் வராது. பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. ரோட்டில் யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் ஓட்டியவர் தலையில்தான்.

பக்கத்திலேயே பேட்டரி கோட்டை

இதில் ஒரு விசேஷம். பேட்டரியைப் பற்றி நாட்டிலேயே பேர்போன ஆராய்ச்சி நிலையம் இருப்பது காரைக்குடியில்தான்! ஊர் மக்கள் "சிக்ரி" என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது.

வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்தார். 1948 ஜூலை 25-ந்தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந்தேதி, பொங்கல் நேரத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே வளர்த்த லித்தியம் அயனி செல் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க 2018-ல் ஒப்பந்தமும் ஆனது.

குன்றக்குடிக்கும் விஞ்ஞானம் புதிது அல்ல. சண்முகநாதர் மலையடிவாரத்தில் மடத்தில் இருந்தபடியே கிராமத் திட்டம் போட்டவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார். "ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது, கிராமத்துக்கு வர வேண்டும்" என்பது 1995-ல் மறைந்த அவருடைய கொள்கை. சிக்ரி விஞ்ஞானிகளின் உதவியும் ஊருக்குக் கிடைத்தது. அந்தத் திட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது.

அப்படிப்பட்ட ஊரில், பேட்டரியைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா?

ராத்திரி வேண்டாம்!

மாட்டத்தான் போகிறோம் என்பவர்கள் இதை மறக்கக் கூடாது:

வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாதீர்கள். பெட்டி ஆறட்டும்.

படுக்கும் அறையிலோ, வாசலை அடைத்தோ, மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும்.

பெட்டி உப்பினாலும், கீழே விழுந்து நசுங்கினாலும், ஒரு மாதிரி வாடை வந்தாலும் அதோடு நிறுத்திவிடுங்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் இடத்தில் கொடுங்கள்.

புகை வந்தால் பெட்டியைத் தூக்க முயலாதீர்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள்.

காரைக்குடி போய்த் திரும்பிய குமாஸ்தா, சாயங்காலம் 6 மணிக்குத் திண்ணையில் வண்டியை நிறுத்துகிறார். பெட்டி ஆறியதும் சார்ஜ் போடுகிறார். 20 கிலோமீட்டர் ஓடிய கரண்டை ஏற்ற, 2 ஆம்பியர் சார்ஜருக்கு மூன்றரை மணி நேரம் போதும். பத்தரை, பதினொன்றுக்குள் நிறைந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் படுக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியான தூக்கம்!