பாடகர் வெறுத்த பாட்டு

துயரப் பாட்டை மாந்தர் பொருள்கொடுத்து வாங்கிக் கேட்பானேன் என்னும் வினா பழமையானது. அதனை ஆராய்வார்க்கு அமெரிக்க "கன்ட்ரி" சங்கீதத்தினின்று ஒரு பாட்டை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். கன்ட்ரி என்பது அந்நாட்டுத் தென்பகுதிக் குடியானவர்களிடையே கிதாரும் பிடிலும் துணையாக வளர்ந்த இசை. டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரம் அதற்குத் தலைமையிடம். காதல் முறிவோ அதற்கு வற்றாத பொருள்.

1980-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி வெளிவந்த அப்பாட்டின் பெயர் "ஹீ ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே". அவன் அவளை நேசிப்பது இன்று நின்றது என்பது பொருள். இயற்றினோர் பாபி பிராடக், கர்லி புட்மன் என்னும் இருவர். பிரிந்து சென்றவளை உயிருள்ளளவும் மறவேன் என்கிறான் ஒருவன். அவள் அதை நம்பவில்லை. அவள் படத்தையும் பழைய கடிதங்களையும் அவன் காத்துவருகிறான். கடிதங்களில் அன்புமொழி வருமிடந்தோறும் செந்நிறக் கோடு இட்டிருக்கிறான்.

இவற்றை உரைப்பவன் அவனல்லன், நண்பனொருவன். தலைப்பை மட்டும் அறிந்தோர், ஒருவாறு மனந்தேறினான் போலும் என்றே எண்ணுவர். நெடுநாட்குப்பின் அவன் முகத்தில் முறுவல் கண்டதாக நண்பன் கூறுங்காலும் அவ்வெண்ணம் நீங்காது. பின்னரே வாயிலில் மலர்வளையம் தோன்றுகிறது. அப்போதும் அவன் இறந்தான் என்று பாட்டு வெளிப்படச் சொல்வதில்லை. சொல்லாது விட்ட அச்சொல்லைக் கேட்போரே தம்முள் சொல்லிக்கொள்கின்றனர். இதன் வலிமை முழுதும் இங்கேயே உளது என்பது எம் கருத்து. உடன் ஒலிக்கும் வயலின்கள் சற்று மிகையே. எனினும் குரல் அவற்றை விஞ்சிவிடுகிறது.

ஜோன்ஸுக்கோ இப்பாட்டு பிடிக்கவில்லை. இத்துணைச் சாவு வாடை வீசும் பாட்டை எவரும் வாங்கார் என்று கருதினார். ஒலிப்பதிவை நடத்திய பில்லி ஷெரில் விடவில்லை. பாடகி டாமி வைனெட்டுடன் செய்த மணம் 1975-இல் முறிந்தபின், ஜோன்ஸ் குடியால் பெரிதும் சீர்குலைந்திருந்த காலம் அது. பாட்டினிடையே இசையின்றிப் பேசவேண்டிய சில வரிகள் உண்டு. குடித்திருந்தும் பாட வல்ல அவருக்கு நாக்குழறாது பேச மட்டும் வரவில்லை. ஆதலின் அப்பகுதி நெடுநாள் கழித்தே பதிவாயிற்று.

இசைத்தட்டு வெளிவந்த சில திங்களில், 1980 ஜூலையில், "பில்போர்டு" பத்திரிகையின் கன்ட்ரி வரிசையில் அது முதலிடம் பெற்றது. ஆறாண்டுகளாக அவர் தனித்துப் பாடிய தட்டு எதுவும் எட்டாத இடம் அது. கிராமி பரிசும் கிட்டியது. கன்ட்ரி இசைச் சங்கத்தார் 1980, 1981 ஆகிய ஈராண்டும் இதனையே ஆண்டின் சிறந்த பாட்டெனத் தெரிந்தெடுத்தனர். அவர் இல்லற முறிவை அறிந்த ஜனங்கள், பாட்டிலுள்ள மனிதனையும் பாடுகிறவரையும் பிரித்துப் பார்த்திலர் போலும். மூன்று நிமிஷப் பாட்டொன்று தம் நாற்பதாண்டுத் தொழிலைக் காத்ததாக ஜோன்ஸும் பிற்காலத்தே ஒப்புக்கொண்டார்.

2013 ஏப்ரலில் அவர் காலமானார். நாஷ்வில் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் நிகழ்ந்த இறுதி ஆராதனையில் ஆலன் ஜாக்ஸன் எழுந்து பாடியது இப்பாட்டையே.