உங்களுக்குத் தெரியுமா? பத்தாவது ஆள் முதல் பசு லட்சுமி வரை

● ஆற்றைக் கடந்த பத்துப் பேர் கரையேறியதும் தலையை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்பதுதான் வருகிறது. ஒருவனை ஆறு அடித்துப் போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவ்வழியே வந்த ஒருவர், "பத்தாவது ஆள் இருக்கிறான்" என்று முதலில் தேற்றிவிட்டு, பிறகு எண்ணுகிறவனையே தொட்டு, "அது நீதான்" என்கிறார். பாட்டி சொன்ன கதையாக நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். அத்வைதத்தின் பெருநூல்களில் ஒன்றான வித்யாரண்யரின் பஞ்சதசி, தன் 7-ஆம் பிரகரணத்தில் இந்தக் கதையை வைத்தே ஞானத்தின் ஏழு நிலைகளை விளக்குகிறது. அறியாமை, மறைப்பு, கலக்கம், கேட்டறிதல், நேரே அறிதல், துயர் நீங்கல், நிறைவு. இத்தனைக்கும் ஆற்றிலிருந்து யாரும் மீட்கப்படவில்லை. முத்தி புதிதாக வந்து சேரும் பொருளல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா!

● அதே நூலில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. உண்மை தெரிந்த நொடியில் பத்தாமவனின் அழுகை நின்றுவிடுகிறது. ஆனால், அழுதபோது தலையில் அடித்துக்கொண்ட காயம்? அது ஆற ஒரு மாதம் ஆகிறது. ஞானிக்கும் ஏன் உடல்நோவு வருகிறது, முன்வினைப் பயனான பிராரப்தம் ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்கு வித்யாரண்யர் தரும் விடை இதுதான். எனக்கு அந்த நூலில் மிகப் பிடித்த இடமும் இதுவே.

● சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சுவேதகேது 12 வயதில் குருகுலம் போய், 24 வயதில் எல்லா வேதமும் கற்ற செருக்கோடு திரும்பி வந்தவன். அப்பா உத்தாலகர் அவனை 15 நாள் சாப்பிடாமல் இருக்கச் சொல்கிறார். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பதினாறாம் நாள் வேதம் சொல்லச் சொன்னால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்ட பிறகு எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. சோற்றை நம்பி நிற்கும் படிப்பு எது என்று அவனுக்குப் புரிந்திருக்கும். பிறகு, 'நீயே அந்தப் பரம்பொருள்' என்ற உபதேசத்தை ஆலம்விதை, தண்ணீரில் கரைந்த உப்பு என்று வெவ்வேறு உதாரணங்களோடு ஒன்பது முறை சொல்கிறார். அப்பாவின் பொறுமை அது.

● தத்துவராயரும் சொரூபானந்தரும் மருமகனும் மாமனும். குருவைத் தேடிப் புறப்படும்போது, யாருக்கு முதலில் குரு கிடைக்கிறாரோ அவர் மற்றவருக்குக் குரு ஆகவேண்டும் என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாமனுக்கு முதலில் குரு கிடைத்தார். மருமகன் சீடரானார், குருவின் மேல் ஒரு பரணியும் பாடினார். போர்க்களத்தில் ஆயிரம் யானையைக் கொன்ற வீரனுக்கு உரியதல்லவா பரணி? சும்மா உட்கார்ந்திருக்கும் சாமியாருக்கு எதற்கு என்று புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். தத்துவராயர் பதில் பேசாமல் அவர்களைக் குருவிடம் அழைத்துப் போனார். சொரூபானந்தர் மௌனமாக இருந்தார். வந்தவர்களுக்கும் எண்ணம் ஒடுங்கிவிட்டது. நாட்கள் சில அப்படியே கழிந்தன. எழுந்ததும், ஆணவம் என்ற மதயானையை இவ்வளவு பேருக்கும் ஒரே இடத்தில் அடக்கியவருக்கு ஆயிரம் யானை எம்மாத்திரம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்களாம். திருவண்ணாமலை ரமணர் இந்தக் கதையை அன்பர்களுக்குச் சொல்வதுண்டு.

● தாண்டவராய சுவாமிகளின் 'கைவல்ய நவநீதம்' தமிழில் எழுந்த அத்வைத நூல். தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல் என்று இரண்டே படலங்கள். இதை 1855-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானியக் கிறித்தவ மிஷனரி.

● செங்கோட்டை ஆவுடை அக்காள் சிறுவயதிலேயே கைம்பெண் ஆனவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் அவருக்கு உபதேசம் செய்தார் என்கிறது மரபு. ஒரு விதவை ஞானம் பேசுவதை அன்றைய ஊர் பொறுக்கவில்லை. அவர் பாடினார்: வேதாந்த அம்மானை, வேதாந்தப் பள்ளு, சூடாலைக் கும்மி. ஒன்றேயான ஆன்மாவில் எச்சில் ஏது, தீட்டு ஏது என்று நேருக்கு நேர் கேட்டார். அந்தப் பாட்டுகளை நெல்லைச் சீமைப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவிலும் கல்யாண வீடுகளிலும் பாடிப் பாடியே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். தமிழ் அத்வைதம் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் அவர் பெயர் முதல் வரிசையில் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியறை, 1896 ஜூலை. பின்னாளில் ரமணர் ஆன 16 வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம். ஓடிப்போய் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் பிணம்போல் விறைத்துப் படுத்து, உதட்டை இறுக மூடி, இந்த உடல் செத்தால் சாவது யார் என்று உள்ளே பார்த்தான். அதுவரை அவன் வேதாந்த நூல் எதையும் படித்ததில்லை. படித்தது பெரிய புராணம். கைவல்ய நவநீதம் முதலியவை திருவண்ணாமலைக்கு வந்தபின், அருகில் இருந்து தொண்டு செய்த பழனிச்சாமிக்குப் பொருள் சொல்வதற்காக ரமணர் கையில் எடுத்தவை.

● 'நான் யார்?' ரமணர் உட்கார்ந்து எழுதிய நூலாகத் தொடங்கவில்லை. 1902-இல் அவர் தங்கியிருந்த விருபாட்சி குகைக்கு வந்த, வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டினார். அழிந்துபோகும் எழுத்தைப் பிள்ளை நினைவில் வைத்துக் குறித்துக்கொண்டார். அச்சில் வந்தது 1923-இல்தான்.

● ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 1948 ஜூன் 18 அன்று அது உயிர்விட்டபோது ரமணர் அருகில் அமர்ந்து அதைத் தடவிக்கொடுத்தபடி இருந்தார். பின்னர் அவரே ஒரு வெண்பா எழுதினார். ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் முறையாகச் சொல்லி, பசு லட்சுமி முத்தியடைந்த நாள் இது என்று அதில் பதிவு செய்தார். மகான்களின் சமாதி நாளைக் குறிக்கும் மரபு அது. அதை ஒரு பசுவுக்கும் குறைவில்லாமல் செய்தார்.