தாத்தா விட்டது ரீல் அல்ல... ரயில்!

எங்கள் வீட்டில் யாராவது நம்ப முடியாத கதை சொன்னால், 'ரீல் விடாதே' என்று சொல்ல மாட்டோம். 'தாத்தா ரயிலா?' என்றுதான் கேட்போம்.

காரணம் இருக்கிறது. என் தாத்தா பாஞ்சாலங்குறிச்சிக்காரர். ஏழெட்டு வயதில் திருச்செந்தூரில் மொட்டை போட்ட கையோடு, அங்கிருந்து ஒரு குட்டி ரயிலில் ஏறிக் குலசேகரன்பட்டினம் போனதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு விட்டாரா? "ரயிலுக்கு முன்னால மம்பட்டியோட ஆளுக போவாங்க. மணலை அள்ளிப் போட்டாத்தான் வண்டி நகரும்" என்பார்.

அவ்வளவுதான், வீடே சிரிக்கும். "திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் ஏதுப்பா தண்டவாளம்? கடலுக்குள்ளயா போச்சு?" என்பார் என் அப்பா. தாத்தா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். 2011-ல் காலமானார். கடைசிவரை ஒருத்தர்கூட நம்பவில்லை. நானும்தான்.

போன வருஷம் பழைய ரயில்வே பட்டியல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்துவிட்டு எழுத வந்தவனுக்குப் பட்டியல் என்றால் ஒரு பாசம்!) அதில் ஒரு வரி: குலசேகரப்பட்டினம் லைட் ரயில்வே. திருச்செந்தூர் - திசையன்விளை. இரண்டடி கேஜ். மூடப்பட்டது 1940.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாரி கம்பெனி ரயில்

விஷயம் இதுதான். 'பாரீஸ் கார்னர்' புகழ் பாரி கம்பெனிக்குக் குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. கரும்புச் சர்க்கரை இல்லை, பனை! உடன்குடி, திசையன்விளை வட்டாரமே பனங்காடு. அந்தக் கருப்பட்டியை ஆலைக்குக் கொண்டுவர வேண்டும். தேரி மணலில் மாட்டு வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். போட்டார்கள் ரயில்! முதல் உலகப் போர் சமயத்தில் அது ஓட ஆரம்பித்தது. அரசாங்க ரயில் இல்லை, முழுக்க முழுக்க கம்பெனி ரயில். சரக்கோடு ஜனங்களும் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டடி என்றால் எவ்வளவு? இன்றைய அகலப்பாதை ஐந்தரை அடி. ஊட்டி மலை ரயிலே மீட்டர் கேஜ், மூன்றே கால் அடி. இது அதைவிடக் குட்டி, டார்ஜிலிங் பொம்மை ரயில் சைஸ். சுமார் 40 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-ல்தான் ரயில் வந்தது. அதாவது பெரிய ரயில் வருவதற்கு முன்பே அங்கே குட்டி ரயில் ஆஜர்!

1940-ல் மூடினார்கள். அதற்குள் பஸ்கள் வந்துவிட்டன. அடுத்த சில வருஷங்களில், உலகப் போருக்காக இந்தியாவின் பல கிளைப்பாதைகளைப் பிடுங்கித் தண்டவாளத்தைக் கப்பலேற்றினார்கள். நம் பக்கத்தில் மொரப்பூர் - தர்மபுரி - ஓசூர் பாதையும் 1941-ல் போனதுதான்.

ஸ்கேலும் கையுமாக...

ஆபீஸ் நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "தனுஷ்கோடியில 1964 புயல்ல போன ஸ்டேஷன் இடிஞ்சாவது நிக்குது. இதுல என்னத்தப் பார்க்கப் போற?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக்காரனுக்கு இல்லாததைத் தேடுவது புதுசா? 1801-ல் வெள்ளைக்காரன் கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனான். இப்போது நிற்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அஸ்திவாரத்தைப் பார்த்தே அரண்மனையைக் கற்பனை பண்ணிப் பழகியவர்கள் நாங்கள்.

ஒரு சனிக்கிழமை கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். கையில் பழைய வரைபடத்தின் நகல், ஒரு ஸ்கேல், தண்ணீர் பாட்டில்.

பழைய ரயில் பாதையைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டு. ரயிலுக்குச் சட்டென்று திரும்பத் தெரியாது, மேட்டில் ஏறத் தெரியாது. எனவே நேராக, நீளமாக, ஒல்லியாக ஓடும் நிலத்தைத் தேட வேண்டும். கிராம வரைபடத்தில் மற்ற வயல்கள் கட்டம் கட்டமாக இருக்க, ஒன்று மட்டும் நாடா மாதிரி நீண்டு போனால் சந்தேகப்படலாம்.

வரைபடத்தில் சந்தேகப்படுவது சுலபம். நேரில் போனால்? எங்கு பார்த்தாலும் பனை, உடைமுள், செக்கச்செவேல் தேரி மணல். எண்பது வருஷக் காற்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டது. உடன்குடியில் டீக்கடை அண்ணாச்சி, "ரயிலா? திருச்செந்தூருக்குப் போங்க தம்பி, சாயங்காலம் வண்டி இருக்கு" என்று அக்கறையாக வழி சொன்னார்!

அடைகல் சொன்ன சாட்சி

திரும்பிவிடலாம் என்று நடந்தபோது, ரோட்டோரம் ஒரு கொல்லுப்பட்டறை. எழுபது தாண்டிய பெரியவர் பாளை அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார். அடைகல்லைப் பார்த்தேன். கல் இல்லை, தண்டவாளத் துண்டு!

ஸ்கேலை வைத்தேன். உயரம் மூன்று இன்ச்கூட இல்லை. இப்போதைய தண்டவாளம் ஆறு இன்ச்சைத் தாண்டும்.

"என்ன தம்பி, அடைகல்லுக்குச் சட்டை தைக்கப் போறியளா?" என்றார்.

"இது எங்க கிடைச்சுது பாட்டையா?"

"எங்க அய்யா காலத்துல இருந்து கெடக்கு. குட்டி ரயிலு ஓடிச்சில்லா, அதுல உள்ளதும்பாவ."

நான் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. உப்பளத்து டிராலித் தண்டவாளமும் இந்த சைஸ்தான். கணக்குப் படித்தவன் ஒரே வவுச்சரை நம்பலாமா? கிளம்ப எழுந்தேன். பெரியவர் துருத்தியை ஊதியபடி, தன்பாட்டுக்குச் சொன்னார்:

"ஆடிக் காத்துல தேரி மணலு வந்து தண்டவாளத்த மூடிருமாம். எங்க அய்யா சின்னப் பையனா மம்பட்டி தூக்கிட்டு முன்னால போவாவளாம். அள்ளிப் போட்டாத்தான் வண்டி நவுருமாம்."

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை.

தண்டவாளத் துண்டை விலைக்குக் கேட்டேன். "அப்பொறம் அரிவாள உங்க தலையிலயா வச்சி அடிக்க?" என்றார். வாஸ்தவம். அது அங்கேயே இருக்கட்டும். இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே குலசை ரயில்வே ஊழியர் அதுதானே!

வரும் வழியில் குலசையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பக்கம்தான் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டடி ரயில் ஊர்ந்த ஊரிலிருந்து ராக்கெட்! நாளைக்கு யாராவது தாத்தா பேரனிடம் இதைச் சொன்னால், அவனாவது சிரிக்காமல் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து செல்போனில் எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டினேன். பெரியவர் சொன்ன மம்பட்டிக் கதையையும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் எழுந்து போய், தாத்தா படத்துக்கு நேற்றுப் போட்ட பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தார். சனிக்கிழமை எங்கள் வீட்டில் பூ மாற்றுகிற வழக்கம் கிடையாது.

கணக்குப் புத்தகத்தில் 'வாராக்கடன்' என்று ஒன்று உண்டு. இனிமேல் தேறாது என்று எழுதிவிட்ட தொகை. என்றைக்காவது அது வசூலானால் வரவில் வைக்க வேண்டும் என்பது விதி.

வைத்துவிட்டோம் தாத்தா.