‘ஒண்ணே ஒண்ணு’ என்று எடுத்த சிப்ஸ்... பாக்கெட் காலியாவது ஏன்? மூளைக்குள் நடப்பது என்ன?

இரவு 10 மணி. சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வயிறு நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் டேபிளில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டை நோக்கிக் கை போகிறது. ‘ஒண்ணே ஒண்ணுதான்’ என்று ஆரம்பிக்கும். அடுத்த பத்து நிமிஷத்தில் பாக்கெட் காலி! விரலில் ஒட்டிய மசாலாவைத் துடைக்கும்போதுதான் குற்ற உணர்ச்சி எட்டிப் பார்க்கும். ‘எனக்கு வாயைக் கட்டவே தெரியலை’ என்று தங்களையே திட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

ஆனால், தப்பு முழுக்க அவர்கள் மேல்தானா? மூளை குறித்த ஆய்வுகள் ‘இல்லை’ என்கின்றன.

ருசி கூடவில்லை... சாப்பாடு கூடியது!

அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. 2019-ல் அதன் முடிவு வெளியானது. 20 பேரை நான்கு வாரங்கள் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம், டின்னில் அடைத்த பாஸ்தா, சிப்ஸ் போன்ற அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு. இன்னும் இரண்டு வாரம், காய்கறி, பழம், மீன் என்று பெரிதாகப் பதப்படுத்தாத உணவு.

இரண்டு வகையிலும் தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ‘எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பதுதான் விதி.

பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்தபோது, அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எண்ணெய் விடாத நாலைந்து சப்பாத்திக்குச் சமம் அது! இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது. மற்ற உணவுக்கு மாறியபோது அதே அளவு குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ‘எந்தச் சாப்பாடு நன்றாக இருந்தது?’ என்று கேட்டதற்கு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். அதாவது, ருசி அதிகம் என்பதால் அதிகம் சாப்பிடவில்லை. பதப்படுத்தப்பட்ட உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டதும் பதிவானது. 20 பேர், இரண்டு வாரம் என்பது சிறிய சோதனைதான். ஆனால், ஒரே மனிதர்கள் உணவு மாறியதும் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

‘வேணும்’ வேறு, ‘பிடிக்கும்’ வேறு

டோபமைன் என்றாலே ‘மகிழ்ச்சி தரும் ரசாயனம்’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், எலிகளின் மூளையில் டோபமைனைக் கிட்டத்தட்ட முழுசாக நீக்கிப் பார்த்தார். அந்த எலிகள் தாமாகப் போய்ச் சாப்பிடவே இல்லை. ஆனால், நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டால் வழக்கம்போலவே ரசித்து நக்கின. ரசிப்பு அப்படியே இருந்தது. தேடிப் போகும் ஆசைதான் போய்விட்டது. டோபமைன் முக்கியமாக இயக்குவது ‘வேணும்’ என்ற உந்துதலைத்தான்.

அந்த உந்துதல் எப்போது கிளம்புகிறது? வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குச் சிக்னல் கொடுத்துவிட்டு, பிறகு பழச்சாறு கொடுத்தார். முதலில் சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. பழகிய பிறகு, சிக்னலைக் கண்டதுமே துடிக்க ஆரம்பித்துவிட்டன. சிப்ஸ் பாக்கெட்டின் சரசரப்பு, டெலிவரி ஆப்பின் நோட்டிஃபிகேஷன், பேக்கரி வாசனை எல்லாமே அப்படிப்பட்ட சிக்னல்கள்தான். வாயில் போடும் முன்பே மூளை பாதி தூரம் ஓடிவிடுகிறது.

போதாக்குறைக்கு, கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த உணவுக்கு இன்னும் கிராக்கி. ஒரே அளவு கலோரி இருந்தாலும், இரண்டும் கலந்த தின்பண்டத்துக்கு மக்கள் அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்ததையும், மூளையின் வெகுமதிப் பகுதி கூடுதலாக இயங்கியதையும் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இயற்கையில் இந்தக் கூட்டணி அபூர்வம். சிப்ஸ், டோனட், பரோட்டாவில் அதுதான் அடிப்படையே!

பிரேக் எப்போது பிடிக்காது?

‘வேண்டாம்’ என்று சொல்வதில் பெரிய பங்கு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு. சரியாகத் தூங்காவிட்டால் இந்த பிரேக் தளர்ந்துவிடும். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (பெர்க்லி) ஆய்வாளர்கள் 2013-ல் ஸ்கேன் செய்தபோது, முன்பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. கலோரி அதிகமான உணவு மேல் ஆசை கூடியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்குச் சாலட்டைவிட சமோசா கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன உறுதி, போன் பேட்டரி மாதிரி தீர்ந்துபோகுமா? 1998-ல் ராய் பாமெய்ஸ்டர் குழு சிலரை சாக்லேட் குக்கீ வாசனைக்கு நடுவே உட்காரவைத்து, முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்னது. பிறகு கொடுத்த புதிரை அவர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். குக்கீ சாப்பிட்டவர்களோ சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். மிகவும் பிரபலமான கருத்து இது. ஆனால், 2016-ல் 23 ஆய்வகங்கள் வேறொரு பணியை வைத்து இதைச் சோதித்தபோது, குறிப்பிடும்படியான விளைவே தெரியவில்லை. ‘என் பேட்டரி காலி’ என்ற சமாதானத்தை இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜெயிப்பவர்கள் சண்டையே போடுவதில்லை

அப்படியென்றால் கட்டுப்பாடாக இருப்பவர்களின் ரகசியம் என்ன? ஜெர்மனியில் 205 பேரின் அன்றாட ஆசைகளை ஒரு வாரம் போன் மூலம் பதிவு செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு தினமும் மல்லுக்கட்டி ஜெயிக்கவில்லை. அப்படி மல்லுக்கட்ட வேண்டிய சூழலே அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சாக்லேட் கிண்ணத்தைச் சிலருக்கு 20 செ.மீ. தூரத்திலும், சிலருக்கு 70 செ.மீ. தூரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். தள்ளி வைத்தபோது எடுத்துச் சாப்பிட்டவர்கள் குறைவு. வித்தியாசம் அரை மீட்டர்தான்!

என்ன செய்யலாம்?

* தின்பண்டத்தைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வாங்காமலே வந்தால் இன்னும் நல்லது. கடையில் ஒரு முறை ‘வேண்டாம்’ சொல்வது, வீட்டில் இருபது முறை சொல்வதைவிட சுலபம்.

* பாக்கெட்டோடு உட்காராதீர்கள். ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, பாக்கெட்டை உள்ளே வைத்துவிடுங்கள்.

* பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் ஆர்டர் போடாதீர்கள். டெலிவரி ஆப் நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்யுங்கள்.

* நிறுத்தவே முடியாமல் அடிக்கடி அளவுக்கு மீறிச் சாப்பிட்டு மனசு வேதனைப்பட்டால், அது சிகிச்சை உள்ள பிரச்சினை. மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான உணவுகளை விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்ததும் இதே தூரக் கணக்குதான். குழந்தையிடம் ‘ஆசைப்படாதே’ என்று சொல்வதைவிட, ஆசையைக் கிளப்பும் கடையைத் தள்ளி வைப்பது பலன் தரும். அந்த விதி நம் பக்கத்துப் பள்ளி வாசலில் இருக்கிறதா என்று நாளைக்குப் போகும்போது ஒரு தடவை பார்க்கலாம். அப்படியே டேபிள் மேல் இருக்கும் பாக்கெட்டையும்!